0.85 சதவீதம்: முத்தியால்பேட்டையில் ஏழைகளே இல்லையாம்!



நம்ம புதுச்சேரியில் ஏழைகள் கிட்டத்தட்ட இல்லையாம். நாம சொல்லல, நிதி ஆயோக் சொல்லுது. 2023-ல் வெளியான பல்பரிமாண வறுமைக் குறியீட்டு அறிக்கைப்படி, 2019-21 கணக்கெடுப்பில் புதுச்சேரியில் வறுமையில் இருப்பவர்கள் வெறும் 0.85 சதவீதம். நூறு பேரை நிக்க வச்சா ஒருத்தர்கூட முழுசாத் தேற மாட்டார். நாடு முழுக்க எடுத்தால் கிட்டத்தட்ட 15 சதவீதம்.

அதே புதுச்சேரியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கையில் சிவப்பு ரேஷன் கார்டு இருக்கு. வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த கார்டு. 2011 கணக்கெடுப்புப்படி நம்ம மொத்த மக்கள்தொகையே சுமார் 12 லட்சத்து 48 ஆயிரம்தான். இதுவும் அரசுக் கணக்கு, அதுவும் அரசுக் கணக்கு. இதுல எது பொய்?

ரெண்டுமே பொய் இல்லை. நிதி ஆயோக் 12 கேள்வி கேட்குது. வீட்டில் கரண்ட் இருக்கா, கேஸ் இருக்கா, கழிப்பறை இருக்கா, பேங்க் கணக்கு இருக்கா, பிள்ளை பள்ளிக்கூடம் போகுதா, டிவி, செல்போன், பைக் மாதிரி சாமான் இருக்கா, இப்படி. மதிப்பெண் போட்டு மூணில் ஒரு பங்கு குறை இருந்தால்தான் அந்தக் குடும்பம் ஏழை. நம்ம ஊர்ல அரசுப் பள்ளி இருக்கு, ஜிப்மர் இருக்கு, தெருவுக்குத் தெரு கரண்ட் கம்பம் இருக்கு. அதனால 0.85 வந்தது. இது பொய் சாதனை இல்லை, பல காலம் மக்கள் கேட்டு வாங்கினது. அதைக் குறை சொல்ல மாட்டோம்.

ஆனா அந்த 12 கேள்வியில் ஒன்றுகூட "மாசம் எவ்வளவு சம்பாதிக்கிறீங்க?" என்று கேட்காது. வாடகை எவ்வளவு என்று கேட்காது. எத்தனை நாள் வேலை கிடைச்சது, எத்தனை குழுவில் கடன் இருக்கு என்றும் கேட்காது.

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக்காரர் பெயின்ட் வேலை. ஒரு நாள் கூலி 800, மாசத்தில் 16 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம்: 12,800. அந்த அக்கா ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் பண்ற வேலை: 9,000. மொத்தம் 21,800. வாடகையும் கரண்டும் 7,300 போகும். ரெண்டு குழுவில் வாராவாரம் 700, அதாவது மாசம் 5,600. மிச்சம் 8,900. வீட்டில் நாலு பேர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 74 ரூபாய். சோறு, பால், மருந்து, பஸ், போன் ரீசார்ஜ், பிள்ளை நோட்டு எல்லாம் அந்த 74-க்குள்.

இந்த வீட்டில் கேஸ் இருக்கு. கழிப்பறை இருக்கு. பேங்க் கணக்கும் பழைய பைக்கும் இருக்கு. அதனால நிதி ஆயோக் கணக்கில் இவங்க ஏழை இல்லை!

மழைக்காலம் வந்தா அந்த 16 நாள் எட்டு நாள் ஆயிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தப்போ ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, நினைவிருக்கும். ரேஷன் கார்டு வச்சிருந்த எல்லா குடும்பத்துக்கும் அரசு 5,000 ரூபாய் அறிவிச்சது. வந்த காசை வேண்டாம்னு சொல்ல முடியாது. ஆனா நனைஞ்ச லாட்ஜுக்குச் சொந்தக்காரருக்கும் 5,000, அந்த லாட்ஜில் துடைப்பம் பிடிக்கும் அக்காவுக்கும் 5,000. அவருக்கு அது ஒரு நாள் ரூம் வாடகை, இவங்களுக்கு அரை மாசச் சம்பளத்துக்கும் மேல. சோலை நகர் மீனவர் வீடுகளிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் ஒரு பக்கம், புயல் எச்சரிக்கை நாட்கள் இன்னொரு பக்கம். வருஷத்தில் வருமானம் வரும் மாசங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

முன்னாடி இப்படி இல்லையான்னு கேக்கலாம். முன்னாடியும் கஷ்டம்தான். ஆனா ஒரு வித்தியாசம் இருந்தது.

முத்தியால்பேட்டை நெசவாளர் ஊர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் புதுச்சேரியில் சாயம் போட்ட நீலத் துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போச்சு. தறிக்குப் பின்னாடி மில்கள் வந்தன. சவானா மில், கப்ளே மில், 1898-ல் ரோடியர் மில். நமக்குத் தெரிஞ்ச பேர் சுதேசி, பாரதி, ஏ.எஃப்.டி. வடக்கே இருந்து தெற்கே இருந்து ஆயிரக்கணக்கானோர் சங்கு ஊதினதும் அந்த கேட்டுக்குள்ள போனாங்க.

1936 ஜூலை 30. எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்ட சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு சுட்டது. 12 பேர் செத்தாங்க. தோழர் வ.சுப்பையா தலைமையில் நடந்த போராட்டம். அந்த ரத்தம் பாரீஸ் வரைக்கும் பேசப்பட்டது. அந்த வருஷ அக்டோபரில் நேரு இங்கே வந்தார். 1937 ஏப்ரல் 6-ல் எட்டு மணி நேர வேலை சட்டம் கிடைச்சது. ஆசியாவிலேயே முதல்ல நமக்குத்தான் என்று பெரியவங்க இன்னைக்கும் பெருமையா சொல்வாங்க.

மில் தொழிலாளிக்குப் பெரிய சம்பளம் கிடையாது. ஆனா தேதி தெரிஞ்ச சம்பளம். பி.எஃப்., இ.எஸ்.ஐ., தீபாவளி போனஸ். அதை நம்பி மளிகைக்கடைக்காரர் கடன் கொடுத்தார், பொண்ணு கல்யாணம் நடந்தது, ஓடு மாத்தி தளம் போட்டாங்க. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் ஏ.எஃப்.டி.யை அடிச்சது. அப்புறம் லே-ஆஃப். 2020 ஏப்ரல் 30-உடன் கதவையே சாத்திட்டாங்க, ஊரே கொரோனாவில் வீட்டுக்குள் அடைஞ்சு கிடந்த மாசத்தில். யார் ஆட்சி, யார் கையெழுத்து, டெல்லியா ராஜ்நிவாஸா என்று வருஷக்கணக்கா சண்டை போட்டாங்க. மில்லை ஓட்ட மட்டும் ஒருத்தரும் சண்டை போடல. இப்போ அந்த ஏ.எஃப்.டி. திடலை எதுக்குப் பயன்படுத்தினாங்க தெரியுமில்ல? 2024-ல் புது பஸ் ஸ்டாண்டு கட்டும்போது தற்காலிகமா பஸ் நிறுத்த.

மில் போன இடத்துக்கு வந்தது டூரிசம். ஒரு வாய்க்கால் தாண்டினா ஒயிட் டவுன். சனி ஞாயிறுன்னா சென்னை, பெங்களூரு வண்டிகள் நகர முடியாம நிக்கும். பழைய பிரெஞ்சு வீடெல்லாம் ஹோட்டல், கஃபே. ஊர்ல பணம் புழங்கலைன்னு யாரும் சொல்ல முடியாது. தனிநபர் வருமானத்தில் நாட்டின் சராசரியைவிட நாம மேலதான். அந்தப் பணம் எங்கே தங்குது என்பதுதான் கேள்வி. நாடு முழுக்கவும் இதே கதை. 2022-23-ல் இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதம் உச்சியில் இருக்கும் 1 சதவீதம் பேருக்குப் போச்சு என்று பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டி குழு 2024-ல் கணக்கு போட்டுக் காட்டியது.

ஒயிட் டவுனில் காலை ஏழு மணிக்கு வேலைக்குள்ள போற நம்ம பையன் எத்தனை மணிக்கு வெளியே வர்றான்? ராத்திரி சாப்பாடு நேரம் முடிஞ்சு டேபிள் துடைச்சு பத்து, பதினொன்று. 12 பேர் உயிரைக் கொடுத்து வாங்கின எட்டு மணி நேரம், அவங்க சுடப்பட்ட இதே ஊரில், இன்னைக்கு மெனு கார்டுக்குக் கீழே நசுங்கிக் கிடக்கு.

இன்னொரு விஷயம். நம்ம தெருக்களிலேயே பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் இருக்காங்க. 1962-ல் இணைப்பு சட்டப்படி முடிஞ்சப்போ பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவங்க, சொல்தாக்கள், அவங்க வாரிசுகள். பக்கத்து வீட்டில் யூரோ, இந்த வீட்டில் நாள் கூலி. இதைப் பார்த்துப் பொறாமைப்படுறவங்க நம்ம பக்கத்திலேயும் இருக்காங்க. நாம அதை வேற மாதிரி பார்க்கணும். அந்த வீடு நிமிர்ந்து நிக்கிறதுக்குக் காரணம் தொகை பெருசு என்பது மட்டும் இல்லை. வயசான காலத்தில், மாசாமாசம், தேதி தவறாம, யார் காலிலும் விழாம வருது. நம்ம ஊர் முதியோர் பென்ஷன் 2021-ல் 500 ரூபாய் உயர்ந்தப்போ முதல் கையெழுத்து என்று கொண்டாடினாங்க. ஒரு வாரக் காய்கறிச் செலவு அது.

இந்தப் பதிவுக்குக் கீழே நம்ம ஆளுங்களே சிலர் என்ன எழுதுவாங்கன்னும் தெரியும். "வடக்கன் வந்து வேலையைப் பிடுங்கிட்டான்." தோழரே, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஹோட்டல் பின்கட்டில் பாத்திரம் கழுவுற பையன், கட்டட வேலையில் தகர ஷெட்டில் படுக்கிறவன், உங்க வேலையை எடுத்துக்கிட்டுப் போய் பணக்காரன் ஆகல. அவனை 14 மணி நேரம் வேலை வாங்க முடியும் என்பதால் உங்க கூலியைக் குறைக்கிறவர் ஒருத்தர் இருக்கார். கோபத்தை அந்த விலாசத்துக்கு அனுப்புங்க. தமிழ், தெலுங்கு, மலையாளம், பிரெஞ்சு, உருது எல்லாம் பேசுற ஊர் இது. சவானா மில் கேட்டில் நின்னவங்க யாரும் பக்கத்தில் நிக்கிறவன் எந்த ஊர்க்காரன் என்று பார்த்து நிக்கல.

ரேஷன் கதையையும் சொல்லாம முடிக்க முடியாது. 2015 செப்டம்பரில், அரிசிக்குப் பதில் பணம் என்ற சோதனைக்கு நாட்டிலேயே முதலில் மாட்டினது சண்டிகரும் நாமும்தான். அப்புறம் இலவச அரிசியும் பணமாச்சு, கடைகளைப் பூட்டினாங்க, கடை ஊழியர்கள் சம்பளம் இல்லாம தெருவில் உட்கார்ந்தாங்க. பணத்தில் என்ன தப்பு? அரிசி விலை ஏறும், கணக்கில் விழும் தொகை ஏறாது. பல வீடுகளில் அது அரிசிப் பானைக்குப் போறதுக்கு முன்னாடியே குழுக் கடனுக்குப் போயிடும். 2024 தீபாவளிக்குத்தான் கடை மறுபடி திறந்தது, 10 கிலோ அரிசி, 2 கிலோ சர்க்கரையோட. பெண்கள் வருஷக்கணக்கா கேட்டுக் கேட்டு திறக்க வச்சது அது. யாரும் தங்கள் சாதனைன்னு பேனர் வைக்க வேண்டாம்.

2023 ஜனவரியில் குடும்பத் தலைவிக்கு 1,000 ரூபாய் வந்தது. வரவேற்கிறோம். ஆனா அதுக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தாங்க: வேற எந்த அரசு உதவித்தொகையும் வாங்கக் கூடாது. விதவைப் பென்ஷன் வாங்குற அக்காவுக்கு இது கிடையாது. ரெட்டைக் கஷ்டம் இருக்கிறவங்களுக்கு ஒத்தை உதவி, இது என்ன கணக்கு?

அதனால நாம கேட்கிறது இது. பத்துப் பேர் வேலை செய்ற இடத்தில் இ.எஸ்.ஐ., இருபது பேர் என்றால் பி.எஃப். என்பது ஏற்கெனவே சட்டம். ஹோட்டல், பார், ரெஸ்டாரன்ட் லைசென்ஸ் புதுப்பிக்க வரும்போது அந்த ரசீதைக் காட்டச் சொல்லுங்க. புதுச் சட்டமே வேண்டாம், ஒரு பாரத்தில் ஒரு வரி சேர்த்தா போதும். தொழிலாளர் துறை ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை ஒயிட் டவுனில் நடந்து பார்க்கட்டும். உதவித்தொகை எல்லாம் விலைவாசியோட சேர்ந்து ஏறட்டும், தேர்தலோட சேர்ந்து ஏற வேண்டாம். மில் நிலத்தில் ஒரு சென்ட் கூட ரியல் எஸ்டேட்டுக்குப் போகக் கூடாது. அங்கே மறுபடியும் மாசச் சம்பள வேலை வரணும். தையலோ, ஆயத்த ஆடையோ, வேற எதுவோ, அதைப் பேசலாம்.

நிதி ஆயோக் கேட்காத கேள்வியை நாமே கேட்போம். முத்தியால்பேட்டை, சோலை நகர், குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் தோழர்கள் கமெண்டில் எழுதுங்க. பேர் வேண்டாம், வேலை செய்ற இடத்தின் பேரும் வேண்டாம். மூணே நம்பர்: போன மாசம் எத்தனை நாள் வேலை கிடைச்சது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், வீட்டு வாடகை எவ்வளவு. போன் இல்லாத பெரியவங்களிடம் கேட்டு அவங்களுக்காக நீங்க எழுதுங்க.

#முத்தியால்பேட்டை #எட்டுமணிநேரம்