வேலிக்கும் காவல் வேண்டும்!

ஏற்காட்டில் கிறிஸ்தவத் துறவிகள் நடத்தும் பள்ளிக்கூடங்களில் நூறு வருஷம் தாண்டியவை உண்டு. மலைமேல் பிள்ளையை விட்டுவிட்டுக் கீழே சேலத்துக்குப் பஸ் ஏறுகிற தகப்பன் எதை நம்பிப் போகிறான்? "ஃபாதர் பார்த்துக்கொள்வார்" என்ற ஒரே நம்பிக்கை! வெள்ளக்கடைக் குடியானவன் ஆனாலும் சரி, செவ்வாய்ப்பேட்டை வியாபாரி ஆனாலும் சரி, பெற்ற மனசு ஒன்றுதான்.

அந்த நம்பிக்கைக்கு ஊட்டியில் என்ன மரியாதை கிடைத்தது? நடந்ததைப் பாருங்கள்.

ஊட்டி மறைமாவட்டத்துப் பாதிரியார் ஜோசப் பழனிவேல் ஜெயபால். 2004-ல் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்துக்கு ஊழியத்துக்குப் போனார். 2005-ல் ஊர் திரும்பினார். அங்கே சிறுமிகளிடம் தகாத முறையில் நடந்தார் என்று வழக்குப் பதிவானது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, இங்கே மறைமாவட்டப் பள்ளிகள் சம்பந்தமான ஆபீஸ் வேலை அவரிடம் இருந்தது. 2010-ல் இது உலகப் பத்திரிகைகளில் வெளியாகிச் சந்தி சிரித்தது!

2012-ல் தமிழ்நாட்டில் கைது. 2014-ல் அமெரிக்காவிடம் ஒப்படைப்பு. 2015-ல் ஒரு சிறுமி விஷயத்தில் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓராண்டும் ஒரு நாளும் தண்டனை. பிறகு ஊர் திரும்பினார். 2016-ல் அவருடைய சஸ்பென்ஷனை அப்போதைய ஊட்டி பிஷப் அமல்ராஜ் ரத்து செய்தார். வாத்திகனைக் கலந்துதான் செய்தோம் என்றது மறைமாவட்டம்.

தண்டனை முடிந்தால் கணக்கு முடிந்ததா? பாவத்தை மன்னிப்பது ஆண்டவன் காரியம். பதவியைத் திருப்பிக் கொடுப்பது மனுஷன் காரியம். இரண்டையும் போட்டுக் குழப்பலாமா? கல்லாவில் கைவைத்த கணக்குப்பிள்ளையை மன்னிக்கிற முதலாளிகூட, மறுபடி சாவியை அவன் கையில் கொடுக்க மாட்டார். இங்கே போனது காசு அல்ல. ஒரு பெண்பிள்ளையின் வாழ்வு!

பிஷப் என்பவர் தன் பாதிரியார்களுக்குத் தகப்பன் மாதிரி என்பார்கள். சரிதான். ஆனால் அந்தச் சிறுமிக்கு அவர் யார்? முதலில் யார் கண்ணீரைத் துடைக்க வேண்டும்?

எல்லாப் பாதிரியாரையும் குறை சொல்லவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கிய நல்லவர்கள் ஏராளம். ஒருவர் தப்பை மூடி மறைத்தால், அந்த நல்லவர்கள் தலையும் சேர்ந்தல்லவா குனிகிறது?

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆகவேண்டும். தன் கீழே வேலை செய்கிறவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை ஜெயில், அபராதமும் உண்டு. மடம், ஆசிரமம், மதரசா எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். புகார் வாங்க மறைமாவட்டந்தோறும் ஏற்பாடு வேண்டும் என்று 2019-ல் போப் பிரான்சிஸும் உத்தரவு போட்டார்.

அப்படியானால் நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு பள்ளி வாசலிலும், ஹாஸ்டல் வாசலிலும் ஒரு போர்டு மாட்டுங்கள். புகாரை யாரிடம் சொல்வது என்று பேர் போட்டு எழுதுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளை கண்ணில் படும்படி பெரிதாக எழுதுங்கள். புகார் வந்தால் அன்றைக்கே போலீசுக்குப் போங்கள். குற்றம் நிரூபணமானவரைப் பிள்ளைகள் இருக்கும் திசைக்கே அனுப்பாதீர்கள்.

வேலியே பயிரை மேய்ந்தால் வேலியைப் பிடுங்க வேண்டியது தோட்டக்காரர் கடமை. பிஷப்புகள் செய்வார்களா?