மதகைக் கவனியுங்கள்!

தென்பெண்ணையின் குறுக்கே, காமராஜர் ஆட்சியில் எழுந்தது கிருஷ்ணகிரி அணை. 9,012 ஏக்கர் பாசனம் அதை நம்பியிருக்கிறது. இருபுறமும் மண்கரை, நடுவே மதகுகள்.

மண்கரைக்கு எமன், அதன் தலைமேல் ஏறும் வெள்ளம். வழிந்த நீர் கரையை அரித்துவிடும். சமயத்தில் மதகு திறக்க வேண்டும். மூடினால் நிற்க வேண்டும். இந்த மதகுகளைச் சர்க்கார் பேணிய லட்சணம் என்ன? 2017 நவம்பர் 29-ல், அணை நிரம்பியிருந்த வேளையில், முதல் மதகு உடைந்தது! பழுது பார்க்க 52 அடி அணையை 32 அடிக்கு இறக்க நேர்ந்தது. விவசாயியின் கண்ணெதிரே பாசன நீர் ஆற்றோடு போயிற்று. பிறகு புது மதகு வந்தது. உடையும்வரை காத்திருந்தது ஏன்?

(மேலே கெலவரப்பள்ளியில் பெங்களூர்க் கழிவு நுரைத்து வரும் அக்கிரமத்தைத் தனியே எழுதுவோம்.)

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. கீழே சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி பாய்ந்தது. விழுப்புரம், கடலூர் கிராமங்கள் மூழ்கின. எச்சரித்தோம் என்றது சர்க்கார். எட்டவில்லை என்றனர் ஜனங்கள்.

ஆகவே கோருகிறோம்: மழைக்கு முன் ஒவ்வொரு மதகையும் விவசாயிகள் முன்னிலையில் இயக்கிக் காட்டுங்கள். நீர் திறக்குமுன் ஆற்றோரச் சேரிகளிலும் தண்டோரா போடுங்கள்.