பாசி எடுப்பவருக்கு மூடிய தீவைப் பயணிக்குத் திறக்கலாமா?

மாண்புமிகு தமிழ்நாடு சுற்றுலாத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



செஞ்சியிலிருந்து எழுதுகிறேன். கடல் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்கு பஸ் ஏற வேண்டும். மலைக்கோட்டை ஊர்க்காரனுக்குத் தீவைப் பற்றி என்ன பேச்சு என்று தாங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு.

ஸ்கூபா ஆசை எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டது என்பது ஒன்று. சென்னையிலும் பெங்களூரிலும் சம்பளம் வாங்கத் தொடங்கிய எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்தமானின் சுவராஜ் தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போய், சிலிண்டர் கட்டிக்கொண்டு மீன்களுக்கு நடுவே கட்டைவிரல் உயர்த்திய படத்தோடு திரும்புகிறார்கள். நானும் போய் மூழ்கியவன்தான். அந்த ஆனந்தத்தை மறுக்க மாட்டேன்.

ஓர் இடத்துக்குப் பெயர் வந்தால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் கண்முன்னே பார்க்கிறோம் என்பது இன்னொன்று. 2025 ஜூலையில் மராட்டியர் கால ராணுவக் கோட்டைகள் 12 யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி மட்டும். எங்களுக்குப் பெருமைதான். ஆனால் கோட்டையின் ராஜகிரி மலை ஏறுகிற வழியில் பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சற்று நின்று பாருங்கள். சாவியால் கீறிய பெயர்கள், அம்பு பாய்ந்த இதயங்கள், அவற்றின் மேலேயே கீறிய வேறு பெயர்கள். கோட்டைச் சுவர் உயிரில்லாதது, தாங்கிக்கொள்கிறது; பூச்சைத் திரும்பவும் பூசலாம். உயிருள்ள பவளத்துக்கு அந்த வசதி இல்லை.

“தமிழ்நாட்டிலேயே 21 தீவுகள் இருக்கும்போது எதற்கு அந்தமான்? மன்னார் வளைகுடாவைத் திறந்துவிட வேண்டியதுதானே” என்று என்னிடமே பலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி தங்கள் மேசைக்கு ஏற்கெனவே வந்திருக்கலாம். வராவிட்டால் நிச்சயம் வரும். அதற்கு முன்னால் என் மடல் வந்து சேரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பாம்பன் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் அந்தத் தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 21 தீவுகள் என்பதே பழைய கணக்கு. விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்கும் அரண் போனது. அரண் போனபின் மணல் போனது. காரியாசல்லித் தீவு 1969-ல் சுமார் 20 ஹெக்டேர் இருந்தது. 2018-ல் 6 ஹெக்டேருக்கும் குறைவு. வெட்டுவது நின்றாலும் வெப்பம் விடவில்லை. 2016 கோடையில் கடல் சூடாகி, பவளங்கள் வெளுத்துச் செத்தன. உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23-க்கு இறங்கியதாகத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பதிவு செய்தார்கள். இப்படி நோயிலிருந்து எழுந்துகொண்டிருக்கும் இடத்துக்குத்தான் நாம் விருந்தாளிகளை அனுப்ப நினைக்கிறோம்.

பெயர் வேண்டாம், வேறொரு தீவில் நான் கண்டதைச் சொல்கிறேன். முதல்முறையாக மூழ்க வந்த ஒருவரை, வழிகாட்டி சிலிண்டரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனார். படம் எடுக்கும் நேரம் வந்ததும் அவரைப் பவளத் திட்டின்மேல் மண்டியிட வைத்தார். வந்தவருக்குக் காது அடைத்தது, பயம் பிடித்தது, காலை உதறினார். காலில் மாட்டியிருந்த துடுப்பு பட்டுக் கிளைப் பவளம் ஒடிந்து மணலில் விழுந்தது. வழிகாட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த ஆள் மேலே படகில் காத்திருந்தார். ஒடிந்த பவளம் மீண்டும் வளர ஆண்டுகள் ஆகும். ஒரு படத்துக்கு நாம் கொடுக்கும் விலையை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மன்னார் வளைகுடாவில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அங்கே பவளத் திட்டுகளில் பெரும்பாலானவை ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஸ்கூபாவில் தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவரே 18 மீட்டர் வரை இறங்கலாம். இத்தனை ஆழமற்ற தண்ணீரில் சிலிண்டரோடு இறங்குவது வீண் ஆடம்பரம். நடுநீரில் மிதந்து நிற்கப் பழகாதவர் எதையாவது பிடிப்பார், எதன் மீதாவது நிற்பார். அங்கே முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் போதும்.

இதைவிட முக்கியமான ஒன்றை இனிச் சொல்கிறேன்.

அந்தக் கடலில் ஏற்கெனவே மூழ்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரையிலுள்ள சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கத் தலைமுறைகளாகக் கடலில் இறங்குகிறார்கள். சிலிண்டர் கிடையாது. புடவைக்கு மேலே ஒரு சட்டை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி எழுகிறார்கள். தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் சங்கு குளிக்கும் ஆண்கள் இருக்கிறார்கள். பூங்கா வந்ததும் தீவுகள் இவர்களுக்கு மூடப்பட்டன. 2000-க்குப் பிறகு கெடுபிடி கூடியது. தீவுக்கரையில் படகு கட்டிய பாவத்துக்கு அபராதம் கட்டியவர்கள் உண்டு.

அந்தப் பெண்கள் வெறுமனே முறையிட்டுக்கொண்டு இருக்கவில்லை. மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தங்களுக்குள் பேசிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களின் தலைவிகளில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் பாதுகாப்புக்காக இயங்கும் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு 2015-ல் தன் பரிசை வழங்கியது.

இவர்களைக் கரையில் நிறுத்திவிட்டு, டிக்கெட் வாங்கியவரைத் தீவில் இறக்கினால் அதற்கு என்ன பெயர்? பாதுகாப்பு என்று சொல்லிப் பூட்டிய கதவு, பணம் கொடுத்தவருக்கு மட்டும் திறந்தது என்றுதான் ஊர் பேசும். அதன்பிறகு எந்தச் சட்டத்தையும் எந்த மீனவரும் மதிக்கப்போவதில்லை.

உலகம் ஏற்கெனவே பட்டுத் தெளிந்திருக்கிறது. மலேசியாவின் சிபடான் ஸ்கூபாவுக்குப் பேர்போன மிகச் சிறிய தீவு. 2004 முடிவோடு அங்கிருந்த விடுதிகள் அத்தனையையும் அரசு வெளியேற்றியது. நாளுக்கு இத்தனை பேர் என்று, நெடுங்காலம் 120 பேருக்கு மட்டும், அனுமதிச் சீட்டு கொடுத்தது; மூழ்க வருகிறவர்கள் பக்கத்துத் தீவுகளில் தங்குகிறார்கள். தாய்லாந்தின் மாயா விரிகுடா கூட்டத்தால் நசிந்து, 2018 ஜூனில் மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது; அப்போதும் விரிகுடாவுக்குள் படகு வரத் தடை. அவர்கள் பட்டபின் செய்ததை நாம் படுமுன் செய்யலாம்.

என் கோரிக்கைகள் இவை.

தீவுகளில் யாரையும் இறக்காதீர்கள். தங்கும் விடுதி என்ற பேச்சே வேண்டாம். கடலடியைக் காட்டுவதானால் ஆய்வாளர்கள் குறித்துக்கொடுக்கும் சில இடங்களில், மூச்சுக்குழலோடு மட்டும் காட்டுங்கள். நாளுக்கு எத்தனை பேர் என்ற எண்ணை ஊரறிய அறிவியுங்கள். படகுகள் நங்கூரம் போடாமல் மிதவைகளில் கட்டட்டும். பவளம் வெளுக்கும் கோடை மாதங்களில் முழுவதுமாக நிறுத்துங்கள்.

வழிகாட்டிகள் அந்தக் கரையூர்களின் ஆட்களாக இருக்க வேண்டும். பாசி எடுக்கும் பெண்களுக்கும் சங்கு குளிப்பவர்களுக்கும் அரசு செலவில் முறையான பயிற்சியும் சான்றிதழும் கொடுங்கள். கடலின் நீரோட்டமும் காற்றும் அவர்களுக்குத் தெரியும். மூச்சுக்குழலும் முதலுதவியும் கற்றுக்கொடுத்தால் போதும். வருமானத்தில் ஊருக்கு எவ்வளவு என்பதை முதல் நாளே எழுத்தில் வையுங்கள்.

சிலிண்டரோடு ஆழம் போக விரும்புகிறவர்களுக்குச் சென்னை, புதுச்சேரிக் கடலில் ஏற்கெனவே பயிற்சி நடக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் அதற்கு ஒழுங்கு கொண்டுவாருங்கள்: முதலில் நீச்சல் குளத்தில் பழக்கம், படகில் ஆக்சிஜன், சட்டென்று மேலேறி உடலில் நைட்ரஜன் குமிழ்விட்டால் எந்த மருத்துவமனையின் அழுத்த அறைக்குக் கொண்டுபோவது என்பதற்கு முன்கூட்டியே ஏற்பாடு.

இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. அறிவிப்பு மேடையில் அவசரப்படாமல் இருந்தால் போதும். எனவே திட்டம் எழுதுமுன் தாங்கள் ஒருமுறை சின்னப்பாலத்துக்குப் போய், அந்தப் பெண்களை உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்கள் சம்மதித்த பிறகு முதல் படகு கிளம்பட்டும். அதுவரை எங்கள் பிள்ளைகள் அந்தமானுக்கே போகட்டும், பாதகமில்லை.

இப்படிக்கு,
கோட்டை ஊர்க்காரன் ஒருவன்,
செஞ்சி, விழுப்புரம் மாவட்டம்.