புல்தரையும் பொதுமக்களும்

பொதுப் பூங்காக்களிலே நாட்டு மரங்களையும் நாட்டுச் செடிகளையும் நடவேண்டும் என்ற குரல் அண்மைக் காலத்தில் வலுத்து வருகின்றது. நல்லதே. ஆயினும் இக்குரலை எழுப்புவோருள் இரு சாரார் உளர் என்பதை முதலிலேயே பிரித்தறிந்துகொள்ளல் வேண்டும். மண்ணையும் நீரையும் மக்களையும் நினைந்து பேசுவோர் ஒரு சாரார். ‘நாட்டுக்குரியது’ என்ற சொல்லில் மயங்கி, செடியிலிருந்து மனிதனுக்குத் தாவிவிடுவோர் மற்றொரு சாரார். முன்னவரோடு சேர்ந்து நிற்கவும் பின்னவரோடு வாதிடவும் விரும்பியே இதனை எழுதுகின்றேன்.

பல்லேபொலப் பகுதியில் ஆசிரியத் தொழில் புரிபவன் நான். ஈரவலயத்துக்கும் உலர்வலயத்துக்கும் நடுவே அமைந்த இடைவலயப் பூமி இது. மாரி தரும் நீரை வைத்துக்கொண்டு ஆடி, ஆவணி வெயிலைக் கடக்கவேண்டிய ஊர்கள் எங்களுடையவை. இங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள ஒரு சிறு பட்டினத்தில் சில ஆண்டுகளுக்கு முன் பூங்கா அமைத்தார்கள். அவ்விடத்தில் நின்ற முதுமரமான மருது ஒன்று, சருகு கொட்டுகின்றது என்ற குற்றத்துக்காகத் தறிக்கப்பட்டது. அதன் அடியில்தான் சந்தைக்கு வரும் பெண்கள் சுமையிறக்கி ஆறுவது வழக்கம். மரம் நின்ற இடத்தில் புல் பதித்தார்கள். ஓரங்களில் வெளிநாட்டு அலங்காரச் செடிகளை வரிசையாக வைத்தார்கள். ‘புல்லை மிதியாதீர்’ என்ற பலகை மூன்று மொழிகளிலும் பிழையின்றி எழுதப்பட்டிருந்தது. அரசகரும மொழிக் கொள்கை முற்றாக நிறைவேறிய இடம் அதுவொன்றே எனலாம். ஆவணியில் கிணறுகளின் அடி தெரிந்தது. குடிதண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றவர்களின் கண்முன்னே தண்ணீர் பவுசர் பூங்காவுக்குள் சென்றது.

இந்த இரசனை எங்கிருந்து வந்தது? 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்டமுடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாக்கிற்று. அவற்றை மலிவு விலைக்கு வாங்கிய துரைமார் காட்டை அழித்துக் கோப்பி நட்டனர். மாத்தளையில் 1848 இல் மூண்ட கிளர்ச்சிக்கு அன்று விதிக்கப்பட்ட வரிகள் மட்டுமே காரணமல்ல. நிலம் பறிபோன வெப்பமும் அதன் பின்னே இருந்தது. காட்டை அழித்தவர்களே தங்கள் கண்ணுக்கு இனிமையாகத் தோட்டங்களையும் அமைத்தார்கள். 1821 இல் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்கா அறிவியலுக்குச் செய்த தொண்டினை மறுப்பதற்கில்லை. ஆனால், இன்று வேலியெங்கும் படர்ந்து மேய்ச்சல் நிலத்தை விழுங்கும் நாயுண்ணி 1826 இல் அதன் வழியாகத்தான் இந்நாட்டுக்கு வந்தது. இலையழகுக்காக 1888 இல் அங்குக் கொணரப்பட்ட மைக்கோனியா பின்னர் மலைநாட்டுக் காடுகளுக்குள் புகுந்தது. அதே செடி 1937 இல் தாகித்தித் தீவுக்கு அலங்காரப் பொருளாய்ப் போய், அத்தீவின் மூன்றிலிரு பங்கிற்கு மேல் பரவிவிட்டது. பூவழகுக்காக 1905 இல் இங்கு வந்த ஆகாயத்தாமரையை ஒழிக்க நான்கே ஆண்டுகளில், 1909 இல், தனிச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. அழகு பார்த்தவர் கப்பலேறிப் போய்விட்டார். இன்றும் குளத்தில் இறங்கி அதனை வாரியெடுப்பவன் எங்கள் விவசாயி.

கொழும்பின் விக்டோரியாப் பூங்கா பின்னர் விகாரமகாதேவிப் பூங்காவாயிற்று. பெயரை மாற்ற நமக்குத் தெரிந்திருக்கின்றது. பூங்கா என்றவுடன் புல்வெளியையும் வரிசைச் செடியையும் கனவு காணும் கண்ணை மாற்றத்தான் தெரியவில்லை.

நாட்டு மரத்தின் பெருமை அதன் குலத்தில் இல்லை; உறவில் இருக்கின்றது. ஒரு நிலத்தின் மழைக்கும் வெயிலுக்கும் நெடுங்காலம் பழகிய மரம், வேரூன்றிய பின் நாள்தோறும் நீர் கேட்பதில்லை. ஈசுரமூலிக் கொடியை வேலியில் விட்டுப் பாருங்கள். அதன் இனத்து இலைகளை மட்டுமே தின்று வளரும் செந்நிறப் பட்டாம்பூச்சிகள் தேடி வரும். கொடி இல்லையேல் பூச்சி இல்லை, பூச்சி இல்லையேல் குஞ்சுக்கு இரை தேடும் பறவையும் இல்லை. அத்தியும் ஆலும் பழுத்தால் பகலிற் பறவைக்கும் இரவில் வௌவாலுக்கும் விருந்து. விதை பரப்பும் வேலையை அவை கூலியின்றிச் செய்கின்றன.

தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு வேறொரு வருத்தமும் உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்கள் வருகின்றன என்று கரும்பலகையில் எழுதுகின்றேன். பிள்ளைகள் மனனம் செய்து புள்ளி பெறுகின்றனர். கொன்றை எது, மகிழ் எது என்றால் விழிக்கின்றனர். அந்தூரியம் மட்டும் எல்லோருக்கும் தெரிகின்றது. பிள்ளைகளைக் குற்றஞ்சொல்லிப் பயனில்லை. நாங்கள் அவர்களுக்குக் காட்டியது அதைத்தான்.

சென்னையில் அடையாறுக் கழிமுகத்தில், கட்டட இடிபாடுகள் கொட்டப்பட்டுச் சீரழிந்த ஐம்பத்தெட்டு ஏக்கரை மீட்டு, அக்கரையோரத்துக்குரிய மரங்களையும் கண்டற்காட்டையும் வளர்த்து, 2011 இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். கருதினால் முடியும் என்பதற்கு அது சான்று. எனினும் பொதுமக்கள் நினைத்த வேளையில் நுழைந்து இளைப்பாறும் இடமாக அது தொடக்கத்தில் அமையவில்லை. மரம் மண்ணுக்கு உரியதாகியும் வாயிற்கதவு மக்களுக்குத் திறவாதெனின் வேலை பாதியே முடிந்தது என்பேன்.

இனி, மற்றைச் சாராரிடம் வருவோம். ஒரு சிரமதானத்தின்போது நாயுண்ணிப் புதரை வெட்டிக்கொண்டிருந்தோம். உடனுழைத்த நண்பர் ஒருவர், பிற விடயங்களிலே நல்லவர், வேரைப் பிடுங்கியபடியே சொன்னார்: “இதையும் வெள்ளைக்காரன்தான் கொண்டுவந்தான், தோட்டத்து ஆட்களையும் அவன்தான் கொண்டுவந்தான்.” சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை. என் பாட்டனார் தோட்டத்து ஆள்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பேசியதும் இந்த மொழியையே. மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைவரை நடந்து, வழிநெடுகப் பல்லாயிரவரைப் பலிகொடுத்து, இந்நாட்டின் வருவாயை முதுகிற் சுமந்த மக்கள் நாடற்றோராயினர். 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை அக்கணக்கு முற்றாகத் தீரவில்லை. செடியினங்களைப் பற்றிய அறிவியலை மனிதர்மேல் ஏற்றுவது அறிவியலாகாது. மனிதர் யாவரும் ஒரே இனம். வியர்வை சிந்திய நிலமே அவர்களுக்கு ஊர். வந்ததெல்லாம் ஆகாதெனின் மிளகாயும் போர்த்துக்கேயர் வழி வந்ததுதான். சம்பலைத் துறந்த தேசபக்தர் எவரையும் இதுவரை கண்டிலேன். தேயிலையையோ மரவள்ளியையோ எவரும் பிடுங்கச் சொல்லவில்லை. பொதுநிலத்தில், பொதுப் பணத்தில், குறைந்த நீரில், உழைத்துக் களைத்தவனுக்கு நிழலும் மற்றை உயிர்களுக்கு உணவும் எது தரும் என்பதே இங்குக் கேள்வி. அக்கேள்விக்கு மருதும் மகிழும் கொன்றையும் விடையாவதனாலேயே அவற்றைக் கேட்கின்றோம்.

எங்கள் பத்தாம் வகுப்பு மாணவர்கள் வெறும் பால்மாப் பைகளில் மண் நிரப்பி இம்மூன்றிலும் நாற்பது கன்றுகள் வளர்த்திருக்கின்றனர். மருதைக் ‘கும்புக்’ என்றும் எழுதி, சிங்களப் பிள்ளைகள் துணையோடு பெயரட்டை கட்டியாயிற்று. பூங்காவுக்குக் கொடுக்கச் சென்றபோது, ஒப்பந்தக்காரரிடம் வாங்கும் செடிகளையே நடமுடியும், கணக்கு அப்படி என்றார்கள். கன்றுகள் பாடசாலைச் சுவரோரம் நிற்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் இன்னொரு முறை, இம்முறை பெற்றோரையும் சந்தைப் பெண்களையும் அழைத்துக்கொண்டு, போகவிருக்கின்றோம்.