கீபோர்டில் கமகம் வராதா?

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சு வழிப் பள்ளியில் பாட்டு வகுப்பு உண்டு. தோ, ரே, மி, ஃபா. அங்கே 'தோ' ஒரே சுருதிதான், யார் பாடினாலும் நகராது. வீட்டுக்கு வந்தால் அம்மாவின் 'ஸ' அவர் தொண்டைக்கு எது சௌகரியமோ அங்கே இருக்கும். எது சரி என்று எனக்கு ரொம்ப நாள் குழப்பம்.

அறுபது வருஷம் கழித்து, மதுரையில், பேத்தி மூலமாக அதே வம்பு திரும்பி வந்திருக்கிறது. பாட்டியிடம் வாய்ப்பாட்டு, வெளியே கீபோர்டு வகுப்பு. போன மாதம் கீபோர்டு ஆசிரியர், "இதுல கமகமெல்லாம் வராது, சினிமாப் பாட்டு வாசி" என்று சொல்லிவிட்டாராம். "தாத்தா, இத வித்துடலாமா?" என்று வந்து நின்றாள்.

ஆசிரியர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆர்மோனியத்தையும் இப்படித்தான் சொன்னார்கள். 1842-இல் பாரிஸில் தெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற அந்தப் பெட்டியை, 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி உள்ளே விடவில்லை. ஆனால் நம் மதுரை டி.என். சேஷகோபாலன் அதே பெட்டியில் கச்சேரி செய்து காட்டினார். ஸ்வரத்தை வளைக்க ஆர்மோனியத்தில் ஒரு வழியும் கிடையாது. கீபோர்டிலோ இடது கைப் பக்கம் ஒரு சக்கரமே வைத்திருக்கிறார்கள்!

தபால் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு மிடி என்ற ஏற்பாடு சுலபமாகப் புரிகிறது. 1983-இல் வந்தது. கீபோர்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போவது சத்தம் இல்லை, வெறும் குறிப்பு. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினாய், எந்தச் சக்கரம் எவ்வளவு திரும்பியது. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு: 1 என்றால் மாடுலேஷன் சக்கரம், 7 என்றால் வால்யூம். வருகிற தபாலை எந்த மேஜைக்கு அனுப்புவது என்பது சாஃப்ட்வேரில் நம் கையில்தான் இருக்கிறது. விலாசத்தை அடித்து மாற்றி எழுதுகிற வேலை, அவ்வளவே.

மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பையன் உதவிக்கு வந்தான். முதலில் மாடுலேஷன் சக்கரத்தைத் தானாக ஆட்டுகிற ஒரு கருவியோடு இணைத்தான். ஒரே சீராக ஆடியது. "யாருக்கு ஜுரம்?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள். கமகம் அப்படி ஆடாது. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே போய்வரும், ஆனால் எங்கே எவ்வளவு நிற்க வேண்டும் என்பதைக் கைதான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் அதே சக்கரத்தைச் சுருதி வளைப்புக்குத் திருப்பினோம். அதற்கு 128 படிகள்தான். ஸ-விலிருந்து ப-வுக்கு ஜாரு இழுத்தால் மாடிப்படி இறங்குவது போலக் கேட்டது. சுருதி வளைக்கவென்றே இருக்கும் பிட்ச் சக்கரத்துக்கு 16,384 படிகள். பேசாமல் அதற்கே போனோம்.

பெரும்பாலான கருவிகளில் அந்தச் சக்கரம் மேலே இரண்டு, கீழே இரண்டு ஸ்வரஸ்தானம்தான் வளையும். தோடி காந்தாரத்துக்குக் கச்சிதமாகப் போதும், ஆனால் ஸ-விலிருந்து ப-வுக்கு ஏழு வேண்டும். கீபோர்டில் ஏழு என்று மாற்றினோம், சாஃப்ட்வேரில் மாற்ற மறந்தோம். சக்கரம் 'இவ்வளவு திரும்பினேன்' என்று மட்டும்தான் எழுதி அனுப்புகிறது. அது எத்தனை ஸ்வரம் என்பதைப் பெறுகிறவர் தீர்மானிக்கிறார். ப வர வேண்டிய இடத்தில் சதுச்ருதி ரிஷபம் வந்து நின்றது. அதைச் சரிசெய்தால், கூடவே ஒலித்த தம்புராவும் வளைந்தது. இரண்டும் ஒரே சேனலாம். மொத்தம் பதினாறு இருக்கின்றன, தம்புராவை இன்னொன்றுக்கு மாற்றினோம்.

இத்தனைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் ஆயிற்று. சம்பளம் வாங்கிச் சொல்லித் தருகிறவர்கள் அந்த ஒரு மத்தியானத்தை ஏன் செலவிடக் கூடாது? எங்கோ யாரோ வைத்த செட்டிங்கை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பத்து வயசுக் குழந்தையிடம் 'வராது' என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை. வாய்ப்பாட்டு தெரியாமல் சக்கரத்தை மட்டும் திருகினால் வரும் என்றும் நான் சொல்லவில்லை.

விற்கிற பேச்சு இப்போது இல்லை. நேற்று பாட்டி பாடப் பாட, இவள் சக்கரத்தில் விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். காந்தாரம் மத்தியமத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. ஏழு அதிகம், தோடிக்கு மறுபடி இரண்டாகவே மாற்றிவிட வேண்டும். இந்தத் தடவை இரண்டு பக்கமும்.