வாயு என்று சொல்லி விரட்டாதே!

மில் தொழிலாளிக்கு நெஞ்சு வலித்தால் என்ன சொல்கிறார்கள்? "வாயுப் பிடிப்பு, சோடா குடி!" வயலில் கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு வலித்தால்? "சுமை தூக்கினாய், தசைப் பிடிப்பு!" முதலாளிக்கு வலித்தால் மட்டும் மாரடைப்பாக இருக்குமோ என்ற சந்தேகம் உடனே வந்துவிடுகிறது. கார் பறக்கிறது, பெரிய டாக்டர் ஓடி வருகிறார்.

எல்லா நெஞ்சு வலியும் மாரடைப்பு அல்ல, உண்மைதான். வாயுவும் உண்டு, தசை வலியும் உண்டு. ஆனால் எது எந்த வலி என்பதை வேட்டியின் அழுக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

சோதிக்கும் வழியை விஞ்ஞானம் கண்டிருக்கிறது. நெஞ்சு வலி என்று வந்தவருக்கு 10 நிமிஷத்துக்குள் இ.சி.ஜி. எடுத்து டாக்டர் பார்க்க வேண்டும். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் ஆபத்து நீங்கிவிட்டது என்று அர்த்தமல்ல. இருதயத் தசை சேதமானால் ட்ரோபோனின் என்ற பொருள் ரத்தத்தில் ஏறுகிறது. அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். எனவே ரத்தத்தையும் இடைவெளி விட்டு மறுபடி சோதிக்க வேண்டும்.

2008-ல் ஹாலந்து நாட்டு டாக்டர்கள் ஒரு கணக்கு வகுத்தார்கள். வலியின் விவரம், இ.சி.ஜி., வயது, ஏற்கெனவே உள்ள ஆபத்துக் காரணங்கள், ட்ரோபோனின்: இந்த ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மார்க்கு. 2013-ல் வெளியான ஆய்வில் 2,440 நோயாளிகளை இக்கணக்கால் எடை போட்டார்கள். 3 மார்க்கு வரை பெற்றவர்களில் 100-க்கு 2 பேருக்கும் குறைவாகவே ஆறு வாரத்துக்குள் விபரீதம் நேர்ந்தது. 7-ம் அதற்கு மேலும் பெற்றவர்களிலோ, பாதிப் பேருக்கு நேர்ந்தது.

நல்ல கணக்கு, வரவேற்கிறோம். ஆனால் நம் ஜனங்களுக்கு இதில் எப்படி மார்க்கு விழும்? "சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, கொழுப்பு உண்டா?" என்று கேட்கிறார்கள். வாழ்நாளில் ஒருமுறைகூடச் சோதிக்கப்படாத உழைப்பாளி, "இல்லை ஐயா" என்கிறார். பூஜ்யம்! வயது 45-க்குக் கீழா? அதற்கும் பூஜ்யம். நம் நாட்டிலோ மாரடைப்பு மேல்நாட்டைவிட இளவயதிலேயே தாக்குகிறது. ட்ரோபோனின் சோதனை இல்லாத ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டமே காலி. இப்படிக் குறைந்த மார்க்கை வைத்து "ஆபத்தில்லை, வீட்டுக்குப் போ" என்றால், அது விஞ்ஞானமா? இல்லை. சோதிக்கப்படாத உடம்பு ஆரோக்கியமான உடம்பு ஆகாது!

"ஏழை நாட்டில் இதெல்லாம் நடக்குமா?" என்பார்கள். நடந்திருக்கிறது. 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் சிறு ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸையும் ஒரே ஏற்பாட்டில் இணைத்துக் கடும் மாரடைப்புக்குச் சிகிச்சை அளித்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 சதவிகிதமாகக் குறைந்தது. அத்தனை உயிரையும் காத்தது தெய்வச் செயலல்ல, ஏற்பாடு!

ஆகவே நாம் கோருவது இதுதான். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரவும் பகலும் இ.சி.ஜி. வேண்டும், அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிதோறும் ட்ரோபோனின் சோதனை இலவசமாக வேண்டும். மில்லிலும் கிராமத்திலும் ஆண்டுதோறும் சர்க்கரை, ரத்தக் கொதிப்புச் சோதனை வேண்டும். சோதனைக்காகப் போன நாளுக்குக் கூலியை வெட்டக் கூடாது.

தோழர்களே! நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல்: இவை வந்தால் ஷிப்டு முடியட்டும், களை எடுத்து முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். உடனே 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரியில் "வாயு" என்றால், "இ.சி.ஜி. எடுத்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கூடப் போகும் தோழர் சேர்ந்து கேட்கட்டும். அது சலுகை அல்ல, நம் உரிமை!