காதும் ஏடும்

குரல் கொடுத்தால் பாடும் மென்பொருளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் காதைப் பற்றியே பேசுகிறார்கள். நம் உச்சரிப்பு அதற்கு விளங்குமா என்பதே அவர்கள் கவலை. எனக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை. 2009இல் ஐஃபோனில் வந்த குரல் கட்டளை வரையறுத்த சில சொற்றொடர்களுக்கு மட்டுமே பணிந்தது. இன்றைய மென்பொருள்கள் வளவளவென்று பேசினாலும் வேண்டியதைப் பொறுக்கிக்கொள்கின்றன. குறை இருப்பது காது கேட்டதைத் தேடிப் பார்க்கிற ஏட்டில்.

அந்த ஏட்டின் கதை சுவையானது. எம்பி3 கோப்பின் வாலில் பாட்டின் விவரங்களை ஒட்டிவைக்கும் ஐடி3 முறையை 1996இல் எரிக் கெம்ப் என்பவர் வகுத்தார். மொத்தம் 128 பைட்டுகள். தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30. இசை வகைக்கு ஒரே பைட். அதற்கென 80 வகைகள் கொண்ட பட்டியல். போல்கா நடனத்துக்குக்கூட அதில் தனி எண் உண்டு. கர்நாடக இசைக்கு இல்லை. ‘எத்னிக்’ என்ற பொதுமூட்டைக்குள் முடங்கிக்கொள்ள வேண்டியதுதான். பின்வந்த பதிப்பில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் இடம் கிடைத்தது. இராகத்துக்கும் தாளத்துக்கும் கிடைக்கவில்லை.

ஆங்கிலப் பாப் பாட்டுக்கு இது போதும். நம் திரைப்பாட்டில் ‘கலைஞர்’ என்பவர் யார்? “ராஜா பாட்டுப் போடு” என்றால் பலருக்கு இளையராஜா. எழுபதைத் தாண்டிய சிலருக்கு ஏ.எம். ராஜா. முன்னவரை இசையமைப்பாளராகவும் பின்னவரைப் பாடகராகவும் நினைக்கிறோம். பின்னவரோ 1959இல் வந்த ‘கல்யாண பரிசு’க்கு இசையமைத்தவரும் கூட. வீட்டில் இருப்பவர்கள் கேட்பவரின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். மென்பொருள் எந்தக் கட்டத்தில் தேடும்?

கச்சேரி ரசிகரின் பாடு இன்னும் மோசம். மதுரை மணி ஐயரின் காம்போதி வேண்டும் என்றுதான் அவர் கேட்பார். உருப்படியின் பெயர் அவருக்கு அடுத்தபடிதான். பதிவேற்றியவர் இராகத்தின் பெயரைத் தலைப்போடு சேர்த்து எழுதியிருந்தால் அகப்படும், அதுவும் காம்போதியை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையையும் தாண்டி.

செய்ய முடியாத காரியமன்று இது. மேற்கத்தியச் செவ்வியல் இசை ரசிகர்களுக்கும் இதே குறை இருந்தது. ஆப்பிள் நிறுவனம் 2021இல் பிரைம்ஃபோனிக் சேவையை வாங்கி, 2023 மார்ச்சில் செவ்வியல் இசைக்கெனத் தனிச் செயலியையே வெளியிட்டது. இயற்றியவர், இசைக்குழு நடத்துநர், படைப்பு எண் என்று அதில் தேடலாம். பாஹுக்குக் கிடைத்த மரியாதை தீட்சிதருக்கும் கிடைக்கலாமே. அதே நிறுவனம் 2021இல் குரலால் மட்டுமே ஏவக்கூடிய மலிவுச் சந்தா ஒன்றையும் கொண்டுவந்தது, இந்தியாவில் மாதம் 49 ரூபாய்க்கு. 2023இல் அது நிறுத்தப்பட்டதில் எனக்கு வியப்பில்லை.

குரல் தோற்றால் நம்மில் பலர் திரையைத் தொட்டுத் துழாவிக்கொள்வோம். பார்வை மங்கி, விரல் நடுங்கும் முதியவருக்கு அந்த வழி எளிதன்று. இந்த வசதியால் மிகுந்த பயன் பெற வேண்டியவரும் அவரே. அவர் கேட்கும் விவரங்கள் முன்பு நம்மிடம் இருந்தவைதாம். ஒலிநாடாவின் அட்டையில் உருப்படி, இராகம், தாளம், இயற்றியவர் என நான்கையும் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த அட்டைகளைப் பதிவு நிறுவனங்கள் எடுத்துவைத்துத் தட்டச்சு செய்யத் தொடங்கலாம்.